உபரி

ஆகஸ்ட் 4, திங்கள்

சந்தையில் தக்காளி வாங்கி வந்தேன். சரசு பையைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பாதியைப் பொறுக்கி எடுத்து அரிசிப் பானைக்குள் பழுக்க வைத்தாள். இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் கற்ற பாடம், தக்காளி விஷயத்தில் என்னோடு வாதாடி ஒன்றும் ஆகாது என்பது.

பள்ளியில் இன்று எல்லார் வாயிலும் ஒரே சொல்: உபரி. ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதற்குத் தகுந்த ஆசிரியர் போக மிச்சம் இருப்பவர் உபரி. மேல்நிலை வகுப்பில் விலங்கியலுக்கு நாங்கள் இரண்டு பேர், நானும் யசோதா டீச்சரும். இந்த வருஷம் உயிரியல் பிரிவில் ஒரு வகுப்பே குறைந்துவிட்டது. ஆக, ஒருவர் மிச்சம்.

விதிப்படி பின்னால் வந்தவர் போக வேண்டும். டீச்சர் எனக்கு இரண்டு வருஷம் பின்னால் வந்தவர். முன்னால் வந்தவர் விரும்பினால் அவருக்குப் பதிலாகப் போகலாம் என்றும் விதியில் இருக்கிறது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பன்னிரண்டாம் வகுப்பில் மரபணு இரட்டிப்பு பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி சொன்னேன். பாடத்தில் இல்லாதது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூன்றாவது பெஞ்சு மதுமிதா எழுந்துவிட்டாள்.

"சார், ஒரே வேலைக்கு ரெண்டு ஜீன் இருந்தா ஒண்ணு வேஸ்ட்டுதானுங்க சார்? அது கெட்டுப்போனாலும் ஒண்ணும் ஆகாதில்லீங்களா. அப்பறம் எப்படி அத்தன கோடி வருஷமா ரெண்டும் அப்படியே இருக்குது?"

நல்ல கேள்வி. ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. பதில் எனக்குத் தெரியும். "நாளைக்குச் சொல்றேன் உக்காரு" என்றேன்.

ஓய்வறையில் யசோதா டீச்சரிடம் சொன்னபோது சிரித்தார். "கண்ண உதாரணமாச் சொல்லுங்க சார், சுலபமாப் புரியும்" என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சரசு அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். துணி துவைத்துக் காயப்போட்டேன். பழைய சோறு, மோர். இந்த டைரியை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. ஆரஞ்சு, இளம்பச்சை, மங்கிய மஞ்சள் எல்லாம் எனக்கு ஒரே குடும்பம். பேர் மட்டும் பச்சையப்பன்.

இதன் காரணம் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குள்ளேயே இருப்பதுதான் கொடுமை. சிவப்பைப் பார்க்க ஒரு மரபணு, பச்சையைப் பார்க்க ஒன்று. இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. குரங்கு மூதாதை ஒன்றுக்குள் தற்செயலாகப் படி எடுக்கப்பட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலையைப் பிரித்துக்கொண்டவை. இலைக்கு நடுவில் பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க உதவியதால் நிலைத்தன என்று ஒரு கருத்து உண்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் ஜோடி சேரும்போது எப்போதாவது பிசகி, ஒரு படி விட்டுப்போகும். அப்படி விட்டுப்போன சங்கிலியில் வந்தவன் நான். ஒரு படி போனால் ஆள் சாகமாட்டான். தக்காளி வாங்கத் தெரியாது, அவ்வளவுதான்.

விலங்கியல் ஆசிரியருக்கு அது மட்டும் இல்லை. செய்முறை வகுப்பில் பாதி வேலை நிறம் பார்ப்பது. தண்ணீரின் அமிலத்தன்மை பார்க்கும் தாளை முக்கி எடுத்து, மாறிய நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். யசோதா டீச்சர் வந்த முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு தாள்களை என் முன்னால் நீட்டி, "இது ரெண்டும் ஒண்ணுங்களா சார்?" என்றார். "ஆமா" என்றேன். தாள்களை மடக்கி வைத்தார். "சரீங்க. இனிமே செய்முறைய நான் எடுத்துக்கறேன். எனக்கு இங்கிலீஷ் மீடியம் வகுப்புல நிக்கவே கால் நடுங்குதுங்க. அத நீங்க எடுத்துக்குங்க" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வந்தபோது இரண்டு பேரும் எல்லாப் பாடமும் எடுக்கக்கூடியவர்கள்தான், கஷ்டப்பட்டாவது. இப்போது ஆய்வுக்கூடச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆங்கில வழிப் புத்தகத்தை டீச்சர் தொட்டே வருஷக்கணக்காகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலைமையாசிரியர் நாச்சிமுத்து சார் கூப்பிட்டார். இரண்டு பேரும் வேண்டும் என்று மேலே எழுதிப் பார்க்கலாம், தகுந்த காரணம் இருந்தால் சொல்லுங்கள் என்றார். எல்லாவற்றையும் நானே சமாளித்துக்கொள்வேன் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் பஞ்சர். ஒட்ட ஆள் இல்லை, தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தலைவலி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. யசோதா டீச்சருக்குப் பர்கூர் மலையில் உள்ள பள்ளி. மாவட்டத்தில் விலங்கியலுக்கு இருந்த ஒரே காலியிடம் அதுதான்.

டீச்சர் வீடு பள்ளிக்குப் பின்தெருவில். அவர் கணவர் போன தீபாவளிக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுத்தவர். வலது பக்கம் வராது, பேச்சும் குழறும். தினமும் மத்தியான மணி அடித்ததும் டீச்சர் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருவார். முந்தானையில் ரசம் சிந்திய ஈரத்தோடு அடுத்த வகுப்புக்குள் நுழைவார். மலைப்பள்ளியில் இருந்து மத்தியானம் ஓடிவர முடியாது.

சரசுவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "நீங்க போலாமில்ல? பையன் சென்னைல. நான் எங்க இருந்தா என்ன? மலைன்னா குளுகுளுன்னு இருக்கும்" என்றாள்.

"எனக்கு அங்க யாரு இருக்காங்க?" என்றேன்.

"உங்களுக்கு இங்க இருக்கற ஆளத்தான் அங்க அனுப்பறாங்களே" என்றாள். வெங்காயத்தைப் பார்த்தேதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டீச்சருக்கு வழியனுப்பு விழா. சால்வை, பூமாலை, லட்டு, மிக்சர். நான்தான் வாழ்த்துரை. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று பேசினேன். கை தட்டினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு மைக் பிடித்த கை வேர்த்தது.

எல்லாரும் போனபிறகு டீச்சர் என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். சாவி ஜன்னலுக்கு மேல் உள்ள ஆணியில். உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொரு மூடியின் மேலும் ஒட்டுத்தாள் ஒட்டி, அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். 'குழாய்த் தண்ணி – பச்சை – 7.' 'எலுமிச்சை உப்புத் தண்ணி – ஆரஞ்சு – 4.' 'சோப்புத் தண்ணி – நீலம் – 9.'

"பாட்டில் மேல ஒட்டுனா கழுவறப்ப ஊறிப்போயிருமுங்க. அதான் மூடில ஒட்டிட்டேன். தண்ணி தீந்தா அதே அளவு கலக்கிக்குங்க, நிறம் மாறாது. மூடியப் பாத்துச் சொல்லீட்டீங்கன்னா போதும்."

"ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். நான் சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சரிங்க சார், அவருக்கு மருந்து கொடுக்கற நேரமாச்சு, வாரனுங்க" என்று கிளம்பினார்.

செப்டம்பர் 15, திங்கள்

மதுமிதா விடுவதாக இல்லை. "சார், நாளைக்குச் சொல்றேன்னீங்க, ஆச்சு ஒரு மாசத்துக்கு மேல" என்றாள். வகுப்பு சிரித்தது. இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

படி எடுக்கப்பட்ட மரபணுக்களில் பெரும்பாலானவை நீ சொன்னதுபோல் கெட்டுத்தான் போகின்றன, அவற்றுக்குப் பொய் மரபணு என்று பெயர் என்றேன். நிலைப்பவை ஏன் நிலைக்கின்றன? சில நேரம் சரக்கு நிறைய வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சோறும் கிழங்கும் தின்னும் கூட்டங்களில், எச்சிலில் மாவைக் கரைக்கும் அமைலேசுக்கான மரபணு பல படிகளாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சில நேரம் ஒரு படி பழைய வேலையைப் பார்க்க, மற்றது புது வேலை கற்றுக்கொள்கிறது. கண் உதாரணத்தை எடுக்கவில்லை. சுற்றி வளைத்து ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்குப் போனேன்.

மூன்றாவது காரணத்துக்கு வந்தபோது கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஊட்ல ஒரே மாதிரி ரெண்டு கடிகாரம் இருக்குது. ஒண்ணுல சின்ன முள் விழுந்துருச்சு. இன்னொண்ணுல பெரிய முள் விழுந்துருச்சு. இப்ப எதத் தூக்கிப் போடுவீங்க?"

"ரெண்டும் வேணுமுங்க சார்" என்றார்கள். "ஒண்ணுல மணி பாக்கணும், ஒண்ணுல நிமிஷம் பாக்கணும்."

"அதேதான். முன்னால ஒரு ஜீன் ரெண்டு வேலையும் பாத்துது. படி எடுத்த பொறகு இதுல ஒரு வேலை கெட்டுது, அதுல இன்னொரு வேலை கெட்டுது. இனிமே ரெண்டுல எதுவும் போக முடியாது."

மதுமிதா யோசித்தாள். "அப்ப ரெண்டுமே ரிப்பேருங்களா சார்?"

"ஆமா."

"ரிப்பேரா இருக்கறதாலதான் தப்பிச்சுதுங்களா? நல்லா இருந்திருந்தா ஒண்ணு உபரின்னு போயிருக்கும்."

அந்தச் சொல்லை அவள் எங்கே பிடித்தாளோ. பள்ளி முழுக்க ஒரு மாதமாகப் புழங்கிய சொல்தானே. மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. சரசு முறுக்கும் அதிரசமும் டப்பாவில் போட்டுக் கொடுத்து, யசோதா டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். பையனை அனுப்பலாம் என்றேன். "அவன் ஊருக்கு வந்ததே தூங்கறதுக்கு. நீங்க போங்க" என்றாள்.

டீச்சர் இளைத்திருந்தார். கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்து இடது கையை உயர்த்திக் கும்பிடப் பார்த்தார். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானத்துக்கு ஒரு அக்காள வெச்சிருக்கறனுங்க. நல்ல மனுசிதான். ஆனா இவரு அவங்க ஊட்டுனா வாயே தொறக்கறதில்ல. பிடிவாதமுங்க. சாயங்காலம் நான் மலைய விட்டு எறங்கி வந்து, கை கழுவிட்டு உக்காந்தாத்தான் வாயத் தொறக்கறாரு. காலைல ஏழு மணிக்குத் தின்ன இட்லிதானுங்க அதுவரைக்கும்."

அவர் கணவர் அதைக் கேட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அழுதாரா என்று தெரியவில்லை. ஆய்வுக்கூடம் எப்படிப் போகிறது என்று டீச்சர் கேட்டார். மூடியைப் பார்த்து ஓட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். முறுக்கு டப்பாவைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

இன்று செய்முறை வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று பாட்டில்களில் பாசி பிடித்திருந்ததால் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து, புதிதாகக் கலக்கி நிரப்பினேன். இன்று முதல் பாட்டிலை எடுத்தேன். மூடியில் 'குழாய்த் தண்ணி – பச்சை – 7'. எல்லாரும் தாளை முக்கினார்கள். "நல்ல பச்சை. ஏழு. நடுநிலை. எழுதிக்குங்க" என்றேன்.

"சார், ஆரஞ்சுங்க சார்" என்றாள் மதுமிதா.

"நல்லாப் பாரு."

"ஆரஞ்சுங்க சார். அட்டைல நாலுகிட்ட வருது."

எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. பயந்தவனுக்குத்தான் அவ்வளவு கோபம் வரும். "ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்துல பாத்துட்டு வா. சரியான நிறம் தெரியற வரைக்கும் வராத" என்றேன். அவள் போய் ஜன்னலோரம் நின்றாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் தங்கள் தாளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு குனிந்து 'பச்சை' என்று எழுதினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. வெகுநேரம் கழித்து மதுமிதா திரும்பி வந்தாள்.

"பச்சைங்க சார்."

"குட்" என்றேன்.

பள்ளி விட்டபிறகு அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். புளித்தது. கழுவிவிட்டு மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். எலுமிச்சை உப்புத் தண்ணீர் அது. அந்தப் பெண் பார்த்தது ஆரஞ்சுதான்.

நவம்பர் 13, வியாழன்

மூடிகளைச் சரியாக மாற்றிப் போட்டேன். வகுப்பில் சொல்லவில்லை. செய்முறை நோட்டுகள் எல்லாவற்றிலும் 'பச்சை' என்ற சொல்லுக்குக் கீழே டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

தூக்கம் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 12 அன்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நாச்சிமுத்து சார் என்னைக் கூப்பிடும் முன்பே டீச்சரைக் கூப்பிட்டிருந்தார். என்னிடம் அவர் சொன்னது இது:

"யசோதா டீச்சர் வெளிப்படையாச் சொல்லீட்டாங்க சார். 'எனக்கு இங்கிலீஷ் மீடியம் வராதுங்க, பன்னண்டு வருஷமா பச்சையப்பன் சார்தான் எடுக்கறாரு, அவரு இல்லாட்டி என்னால முடியாது'ன்னு. உங்களுக்கும் அந்த மாதிரி டீச்சர் இல்லாம முடியாத வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தாச் சொல்லுங்க. வேலை ரெண்டாப் பிரிஞ்சிருக்குது, ஆளுக்கொரு பாதிதான் தெரியும், ரெண்டு பேரும் வேணும்னு எழுதிப்புடலாம். இப்பிடி எழுதுனா நிறுத்தி வெப்பாங்க, போன வருஷம் கணக்குப் பாடத்துக்கு வெச்சாங்க."

டீச்சர் தன் பாதியைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என் பாதியை அவர் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும். 'எனக்கு நிறம் தெரியாதுங்க சார்.' அவ்வளவுதான்.

நான் சொன்னது: "அப்படி ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாத்தையும் நானே சமாளிச்சுக்குவேன்."

"அப்படீங்களா? அப்பச் சரி" என்று அவர் பேனாவை மூடிவிட்டார். தன் ரிப்பேரை ஒத்துக்கொண்டவர் உபரியாகிவிட்டார். மறைத்த நான் முழு ஆளாகத் தெரிந்தேன். நான் அயோக்கியன் என்று எழுதிப் பார்த்தேன். எழுதினால் ஒன்றும் குறையவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 28, புதன்

செய்முறைத் தேர்வுக்கு வெளித் தேர்வாளர் யார் என்று வந்துவிட்டது. நம் பள்ளிக்கு யசோதா டீச்சர். நாச்சிமுத்து சார், "நம்ம டீச்சரே வாராங்க சார், இனி என்ன கவலை" என்று முதுகில் தட்டினார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டீச்சர் காலையில் வந்ததும் பாட்டில்களைப் பார்த்தார். தான் தாள் ஒட்டிய மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகள் "மிஸ், மிஸ்" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைத் தட்டிக்கொடுத்து உட்காரவைத்தார்.

மதுமிதா முதல் அணி. சீட்டுக் குலுக்கி எடுத்ததில் அவளுக்கு வந்தது தண்ணீர்ப் பரிசோதனை. பாட்டிலில் எலுமிச்சை உப்புத் தண்ணீர், இந்த முறை சரியான மூடியோடு. மாணவர்களிடம் கொடுக்கும்போது மூடியை எடுத்துவிடுவோம். தாளை முக்கினாள். பார்த்தாள். அட்டையை எடுத்து ஒப்பிடவே இல்லை. விடைத்தாளில் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாளையும் விடையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்ன நிறம் கண்ணு?"

"பச்சைங்க மிஸ். ஏழு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மதுமிதா முகம் சுண்டிவிட்டது. நான் சொன்ன அதே வார்த்தை. அவள் டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "எனக்கு நிறம் சரியாத் தெரியாதுங்க மிஸ். இந்த நிறத்துக்குப் பச்சைன்னு சார் சொன்னாருங்க. நான்தான் தப்பா ஆரஞ்சுன்னு பாத்துட்டேன்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. குரலைத் தாழ்த்தி, "பரவால்ல கண்ணு, பதட்டத்துல எழுதிட்ட. அட்டைய வெச்சுப் பாத்து மாத்தி எழுது, மார்க் போட்டர்றேன்" என்றார். மறுபடியும் மூடி போட்டுவிட்டார். நான் பேசாமல் நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பிள்ளைக்கு மார்க் வந்திருக்கும். தன் கண் பழுது என்ற நினைப்பை அவள் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பாள்.

"மதுமிதா" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்தார்கள்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் நிறம் தெரியாது. பச்சையும் ஆரஞ்சும் எனக்கு ஒண்ணுதான். அன்னிக்கு நீ சொன்னது சரி. மூடிய மாத்திப் போட்டுட்டு உன்ன ஜன்னல்கிட்ட நிக்க வெச்சது நான். நீங்க எல்லாருமே ஆரஞ்சத்தான் பாத்தீங்க. நான் சொன்னேன்னு பச்சைன்னு எழுதுனீங்க."

எவனோ ஒரு பையன் "நான் அன்னிக்கே சொன்னேன்டா" என்று பக்கத்தில் இருப்பவனிடம் முணுமுணுத்தான். மதுமிதா தாளைக் கையில் எடுத்தாள்.

"அப்ப இது ஆரஞ்சுங்களா சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. நீதான் சொல்லணும்."

"ஆரஞ்சுதானுங்க" என்றாள். அடித்துவிட்டு எழுதினாள். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மூன்று மாதம் எதை எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டாளோ. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்றாள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள், பரவாயில்லை என்பதால் அல்ல.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டீச்சர் வாசலில் நின்றார். பாராட்டுவார் என்று மனசின் ஒரு மூலையில் அல்பமாக எதிர்பார்த்தேன்.

"இத ஆகஸ்ட்டுல சொல்லியிருக்கலாமுங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் முதல் வேலையாக நாச்சிமுத்து சாரிடம் போனேன். என் பாதியைச் சொன்னேன். ஆறு மாதம் தாமதமாக. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் வெச்சிருப்பனே சார். இப்ப ஒரு பணியிடத்தையே எடுத்துட்டாங்களே. இனி நான் எழுதி என்ன பண்றது?"

"ஒரு இடம்தான் இருக்குதுன்னா அது டீச்சருக்கு இருக்கட்டுமுங்க சார்" என்றேன். அவரிடமே படிவத்தை வாங்கினேன். இரண்டு பேர் இடம் மாற்றிக்கொள்ள ஒன்று உண்டு, மனமொத்த மாறுதல் என்று பெயர். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் பக்கத்தை நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

நேற்று ராத்திரியே சரசுவிடம் சொல்லிவிட்டேன். "மலைல தக்காளி நல்லா வெளையுமாம்" என்றாள்.

இரண்டாம் அணித் தேர்வு முடிந்தபின் டீச்சரிடம் படிவத்தை நீட்டினேன். "அங்க தமிழ் வழி மட்டும்தானுங்களே, எல்லாம் நான் எடுத்துருவேன். நிறம் பாக்கறதுக்குப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுவேன். முதல் நாளே சொல்லிருவேன்" என்றேன். "ஆனா நீங்க இங்க வந்தா இங்கிலீஷ் மீடியம்…"

"அத நான் மறைக்கலீங்களே சார். வராதுன்னு சொல்லீட்டேன். வராத வகுப்புல நின்னு, வராதுன்னு சொல்லியே கத்துக்கறேன். பிள்ளைங்க சொல்லிக் குடுப்பாங்க."

படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் எழுதிய காரணத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பிறகு மேலே தலைப்புக்குப் போனார்.

"மனமொத்தன்னு போட்டிருக்குதுங்க சார்."

"ஆமாங்க."

"எம் மனசு உங்களோட இன்னும் ஒத்துப்போகலீங்க. பன்னண்டு வருஷம் நான் உங்களுக்குப் பாத்தேன். ஒரு வார்த்தைங்க சார், எனக்காக நீங்க சொல்லலை. அது ஆறறதுக்கு நாளாகும். ஆறாமலும் போகும்." பேனாவைத் திறந்தார். "ஆனாலும் போடறேன். மத்தியானச் சோத்துக்காகப் போடறேன்."

போட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் பின்தெருவைப் பார்த்து நடந்தார். தேர்வு நாள் என்பதால் இன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போக முடிகிறது.

மேசை மேல் படிவம் கிடந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து, நீல மையில். நீலம் எனக்கு நன்றாகத் தெரியும்.